வாத்தியாருக்குப் பாடம் சொல்ல வந்தவர்கள்

சீனாவின் பின்தங்கிய மாகாணங்களில் ஆங்கில ஆசிரியர்களைப் பயிற்றுவித்த கிறிஸ்தவத் தன்னார்வலர்கள்

1950களில் சீனப் பள்ளிகளில் முதல் அந்நிய மொழி ரஷ்யன். சோவியத் யூனியனோடு சீனா தோளோடு தோள் நின்ற காலம் அது. பத்தாண்டு முடிவதற்குள் உறவு கசந்துபோனது. 1960களில் ரஷ்ய மொழி ஆசிரியர்கள் பலர் ஆங்கிலப் பாடத்துக்கு மாற்றப்பட்டார்கள். தாங்களே அரைகுறையாகக் கற்ற மொழியை மறுநாள் காலையில் வகுப்பில் சொல்லிக்கொடுக்க வேண்டிய நிலை. அவர்கள் ஒருவாறு சமாளித்து நிமிர்வதற்குள் 1966இல் கலாச்சாரப் புரட்சி தொடங்கியது. பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. அந்நிய மொழி தெரிந்திருப்பதே சந்தேகத்துக்கு இடமான காரியமாயிற்று. முறையான ஆசிரியர் பயிற்சி ஏறக்குறைய நின்றே போனது.

1977 டிசம்பரில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு மீண்டும் வந்தது. ஏறத்தாழ 57 லட்சம் பேர் எழுதினார்கள்; இடம் கிடைத்தது சுமார் 2,70,000 பேருக்கு. அடுத்த சில ஆண்டுகளில் அந்தத் தேர்வில் அந்நிய மொழியின் மதிப்பு படிப்படியாக ஏறியது. 1979இல் மாணவர் எடுத்த மதிப்பெண்ணில் பத்தில் ஒரு பங்குதான் மொத்தத்தில் சேர்ந்தது. 1983இல் முழு மதிப்பெண்ணும் சேர்ந்தது. இடையில், 1982இல், பிபிசியின் 'ஃபாலோ மீ' ஆங்கிலப் பாடத் தொடர் சீன அரசுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி, அதைத் தொகுத்து வழங்கிய கேத்தி ஃப்ளவர் நாடறிந்த முகமானார். நாடு முழுவதும் ஆங்கிலம் படிக்கத் துடித்தது.

யார் சொல்லிக்கொடுப்பது? பெரிய நகரங்களில் தொலைக்காட்சியும் புத்தகக் கடையும் பல்கலைக்கழகமும் இருந்தன. கான்சு, குய்ஜோ போன்ற மாகாணங்களின் மலையோர ஊர்களில் அவை இல்லை. அங்கே ஒரு பிள்ளைக்கு ஆங்கிலம் கிடைக்க இருந்த ஒரே வழி உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர். அவரோ ஆங்கிலம் பேசுகிற ஒருவரை ஆயுளில் சந்தித்ததில்லை. இலக்கண விதிகள் கரதலப்பாடம். வாய் திறந்து பேச வராது. அந்த ஆசிரியரைத் தேடித்தான் 1980களின் நடுவிலிருந்து பல நாட்டுக் கிறிஸ்தவத் தன்னார்வலர்கள் போனார்கள். பிள்ளைகளுக்கு நேரடியாகப் பாடம் எடுப்பது அவர்களுடைய முதல் நோக்கமாக இருக்கவில்லை. பிள்ளைகளின் வாத்தியாருக்குத் துணை நிற்பதே நோக்கம்.

நான்ஜிங்கில் பிறந்த யோசனை

இந்த முயற்சியின் பெரும்பகுதி ஒரு சீன நிறுவனத்தின் வழியே நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1985 ஏப்ரலில் நான்ஜிங் நகரில் 'அமிட்டி ஃபவுண்டேஷன்' என்ற தொண்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. முன்னின்றவர் பேராயர் கே. எச். டிங். 1915இல் ஷாங்காயில் பிறந்தவர். அங்கே செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். கனடாவிலும் ஜெனீவாவிலும் கிறிஸ்தவ மாணவர் இயக்கங்களில் பணியாற்றிவிட்டு 1951இல் தாய்நாடு திரும்பியவர். மேல்நாட்டு மிஷனரிகள் சீனாவை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் உள்ளே வந்தார். கலாச்சாரப் புரட்சியில் மூடப்பட்ட தேவாலயங்கள் 1979இல்தான் மறுபடி திறக்கத் தொடங்கின. 1980இல் சீனக் கிறிஸ்தவ கவுன்சில் உருவானபோது டிங் அதன் தலைவரானார். அவருடைய துணைவியார் சியூ-மெய் குவோ நான்ஜிங் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியர்; நாட்டின் ஆங்கில வறட்சி அந்த வீட்டில் அன்றாடம் அறிந்த விஷயம்.

மீண்டெழுந்த சபைக்கு இரண்டு நெருக்கடிகள் இருந்தன. கிறிஸ்தவம் அந்நியர் கொண்டுவந்த மதம் என்ற பழைய குறை சீனச் சமூகத்தில் ஆறாமல் இருந்தது. மறுபக்கம், முப்பது ஆண்டு காத்திருந்த மேல்நாட்டுச் சபைகள் ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆர்வத்தோடு வந்து நின்றன. வருகிறவர்களைத் தடுக்கவும் கூடாது, பழைய மிஷனரிக் காலம் திரும்பிவிட்டது என்ற எண்ணம் எழவும் கூடாது. டிங்கும், அமிட்டியின் முதல் பொதுச் செயலாளரான ஹான் வென்ஸாவும் கண்ட வழி நேரானது. யார் வரலாம், எந்த ஊருக்குப் போகலாம், என்ன வேலை செய்யலாம் என்பதைச் சீனர்கள் தீர்மானிப்பார்கள். வருகிறவர்கள் அந்த ஏற்பாட்டுக்கு உட்பட்டு உழைப்பார்கள். நாட்டின் முன்னேற்றத்துக்குப் பங்களிப்பது, கிறிஸ்தவர்களும் சமூகப் பணியில் இருக்கிறார்கள் என்று மக்கள் அறியச் செய்வது, பல நாட்டு மக்களுக்கு இடையே நேரடி உறவை வளர்ப்பது ஆகிய மூன்றும் நிறுவனத்தின் அறிவிக்கப்பட்ட நோக்கங்கள். கிறிஸ்தவர் அல்லாத சீன அறிஞர்களும் இதில் சேர்ந்துகொண்டார்கள்.

அதே 1985இல் ஆசிரியர் திட்டம் தொடங்கியது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜெர்மனி, ஸ்காண்டிநேவிய நாடுகள், ஜப்பான் என்று பல இடங்களின் திருச்சபைகள் ஆட்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பின. பெரும்பாலோர் ஆங்கிலம் கற்பிக்க வந்தவர்கள். ஜெர்மனும் ஜப்பானிய மொழியும் சிறிய அளவில் இருந்தன. வழக்கமான ஒப்பந்தக் காலம் இரண்டு ஆண்டுகள். பயணச் செலவை அனுப்புகிற சபை ஏற்கும். தங்க வீடும், கையைக் கடிக்காமல் வாழப் போதுமான ஊதியமும் கல்லூரி தரும். மெனனைட் சபையினர் இதற்குச் சற்று முன்பே, 1980களின் தொடக்கத்தில், சிச்சுவான் மாகாணத்தோடு ஆசிரியர் பரிமாற்றம் ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள்.

இதே நிறுவனத்துக்கு வேறொரு பெயரும் புகழும் உண்டு. ஐக்கிய வேதாகமச் சங்கங்களின் உதவியோடு நான்ஜிங்கில் 1987இல் அது தொடங்கிய அச்சகத்திலிருந்து 2019க்குள் 20 கோடி பைபிள்கள் அச்சாகி வெளிவந்துவிட்டன. அச்சகத்தின் வேலை வேறு, வகுப்பறையின் வேலை வேறு என்ற பிரிவு தொடக்கம் முதலே இருந்தது. அதைப் பற்றிப் பின்னால் பேசவேண்டியிருக்கிறது.

கல்லூரியைத் தேர்ந்தெடுத்த காரணம்

வெளிநாட்டு ஆசிரியர்கள் என்றால் பெய்ஜிங், ஷாங்காய் பல்கலைக்கழகங்களுக்குப் போவதே அன்றைய வழக்கம். அமிட்டி அனுப்பியது பெரும்பாலும் சிறு நகரங்களின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளுக்கு. அங்கே படிப்பவர்கள் சுற்றுவட்டாரக் கிராமப் பிள்ளைகள். படிப்பு முடிந்ததும் அதே வட்டாரத்து நடுநிலைப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களாகத் திரும்பப் போகிறவர்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். ஒரு பயிற்சி வகுப்பில் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டு வகுப்பு எடுக்கிறார், வகுப்புக்கு 50 பிள்ளைகள். அந்த ஒரு பயிற்சி வகுப்பின் பயன் ஒரே ஆண்டில் 4,000 பிள்ளைகளைப் போய்ச் சேர்கிறது. ஆசிரியர் பணியில் முப்பது ஆண்டு இருப்பார். வெளிநாட்டுக்காரர் நேராகப் பள்ளிக்குப் போய்ப் பாடம் எடுத்திருந்தால், அவர் ஊர் திரும்பிய நாளோடு அந்த வகுப்பும் முடிந்திருக்கும்.

1986இல் ஒன்பதாண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடக்கூட ஆசிரியர் பற்றாக்குறையும் கூடியது. கிராமங்களில் வேதியியலோ வரலாறோ படித்தவரைப் பிடித்து ஆங்கிலம் எடுக்கச் சொல்வது சாதாரணம். 2001 இலையுதிர்காலத்திலிருந்து மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலத்தைத் தொடங்க வேண்டும் என்று கல்வி அமைச்சகம் அறிவித்தது. உலக வர்த்தக அமைப்பில் சீனா சேர்ந்ததும், பெய்ஜிங்குக்கு ஒலிம்பிக் போட்டி உறுதியானதும் அதே ஆண்டுதான். தலைநகரில் எழுதப்பட்ட ஒரு வரி ஆணை, தூரத்து மலைப்பள்ளியில் இருந்த ஓர் ஆசிரியரின் தலையில் புதிய பாரத்தை ஏற்றியது.

கடலோர மாகாணங்கள் வளமடைந்தபோது, அமிட்டி தன் கவனத்தை மேற்கே திருப்பியது. ஜியாங்சு போன்ற கிழக்கு மாகாணங்களில் தொடங்கிய வேலை, கான்சு, குவாங்சி, உள் மங்கோலியா, குய்ஜோ போன்ற பகுதிகளை நோக்கி நகர்ந்தது. வறுமை எங்கே அதிகமோ அங்கே ஆள் அனுப்புவது என்பது அந்தத் திட்டத்தின் நேர்மையான முடிவுகளில் ஒன்று.

விடுமுறையில் ஒரு வகுப்பு

இரண்டு ஆண்டு தங்க எல்லோராலும் முடியாது. அதனால் கோடை விடுமுறைப் பயிற்சி முகாம்களும் நடந்தன. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சில வாரங்கள். தன்னார்வலர்கள் சிறு குழுவாக வருவார்கள்: ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், கல்லூரி மாணவி, நூலகர், ஒரு தம்பதி. விமானக் கட்டணத்தை அவர்களோ அவர்களுடைய சபையோ கட்டும். தங்குமிடமும் உணவும் உள்ளூர்க் கல்வித் துறையின் பொறுப்பு. மாணவர்களாக வருகிறவர்கள் சுற்றியுள்ள கிராமப் பள்ளிகளில் பணியில் இருக்கும் ஆங்கில ஆசிரியர்கள். பலர் தங்கள் விடுமுறையை விட்டுக்கொடுத்து, பேருந்தில் நெடுநேரம் பயணம் செய்து, கல்லூரி விடுதியில் வந்து தங்குவார்கள்.

இப்படிப்பட்ட வகுப்பில் முதல் சில நாட்கள் மௌனத்தோடு போராடுவதிலேயே கழியும். வந்திருப்பவர்களுக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. கடினமான வாக்கியத்தைக் கொடுத்தால் எழுவாய், பயனிலை பிரித்துக் காட்டுவார்கள். ஆனால் பதினைந்து ஆண்டு ஆங்கில வாத்தியாராக இருந்துவிட்டு, ஒரு வெள்ளைக்காரர் முன்னால் தப்பாகப் பேசினால் மானம் போய்விடுமே என்ற கூச்சம் நாக்கைக் கட்டிப்போடும். அனுபவமுள்ள பயிற்றுநர் இதை அறிவார். முதலில் எல்லோரையும் சேர்ந்து பாட வைப்பார். பிறகு இருவர் இருவராகப் பேச விடுவார். அதற்கும் பிறகுதான் ஒருவரைத் தனியாக எழுப்புவார்.

பாடமுறையின் அடிப்படை எளிது. இருவரிடம் இரண்டு படங்கள். ஒருவர் படத்தில் இருப்பது மற்றவர் படத்தில் இல்லை. காட்டக் கூடாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பேசினால்தான் வேலை முடியும் என்ற நிலை வரும்போது வாய் தானாகத் திறக்கிறது. இன்னொரு முறை, ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் வகுத்தது: ஆசிரியர் சொல்வதை மாணவர்கள் உடலால் செய்துகாட்ட வேண்டும். எழுந்திரு, கதவைத் தொடு, இரண்டடி பின்னால் போ. இதற்கு ஒரு செலவும் இல்லை. கான்சுவின் பள்ளியில் படவீழ்த்தியோ மொழி ஆய்வுக்கூடமோ கிடையாது. கரும்பலகையும் சாக்பீஸும் அறுபது பிள்ளைகளும்தான். அந்த நிலையில் நடத்த முடியாத எதைச் சொல்லிக்கொடுத்தாலும் வீண் என்பது முதல் கோடையிலேயே தன்னார்வலர்களுக்கு விளங்கிவிடும்.

நாக்கின் சிக்கல்களும் உண்டு. பேச்சு மாண்டரினில் அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே உச்சரிப்பு. அதனால் நன்றாக ஆங்கிலம் அறிந்தவர்கூடப் பேச்சு வேகத்தில் மனைவியை ஆணாக்கிவிடுவார். சீன வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப உருமாறாது. நேற்று, நாளை என்ற சொற்கள் அந்த வேலையைச் செய்யும். எனவே ஆங்கில இறந்தகால விகுதி வாயிலிருந்து நழுவிவிடும். தென்மேற்கு மாகாணங்களின் வட்டார வழக்கில் ன, ல ஒலிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். சிச்சுவான்காரருக்கு 'நைட்', 'லைட்' இரண்டையும் பிரித்துச் சொல்வதே பெரும்பாடு. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'எ', 'தி' சீனத்தில் இல்லை. தமிழிலும் இல்லை என்பதால் இந்தத் தடுமாற்றம் நமக்கும் புதிதல்ல.

இந்த இடங்களை எல்லாம் உள்ளூர் ஆசிரியர் தன் அனுபவத்தாலேயே அறிவார். வந்திருக்கும் தன்னார்வலருக்கு அவை தெரியாது. அவர் அந்த மொழியைத் தவறு செய்து, திருத்திக் கற்றவர் அல்ல. நல்ல முகாம்கள் இந்த உண்மையைப் பயன்படுத்திக்கொண்டன. காலையில் தன்னார்வலர் ஒரு பாடத்தை நடத்திக் காட்டுவார். மாலையில் அதே பாடத்தைத் தன் பள்ளிக்கு ஏற்றபடி மாற்றி உள்ளூர் ஆசிரியர் நடத்துவார். மற்ற ஆசிரியர்கள் மாணவர்களாக உட்கார்ந்து பார்த்துக் குறை நிறை சொல்வார்கள். கற்பிப்பதில் யார் மூத்தவர் என்ற கேள்விக்கு அந்த மாலை வகுப்பில் பல நேரம் வேறு விடை கிடைத்தது.

தேர்வு என்னும் சுவர்

முகாம் முடியும். ஆசிரியர் உற்சாகத்தோடு ஊர் திரும்புவார். பள்ளியில் அவருக்காகத் தலைமையாசிரியரும், அவருக்குப் பின்னால் பெற்றோர்களும் காத்திருப்பார்கள். உயர்நிலைப் பள்ளிக்கான நுழைவுத் தேர்வும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வும்தான் ஒரு கிராமப் பிள்ளையின் தலைவிதியை எழுதும். அவற்றில் அன்று பேச்சுக்குப் பெரும்பாலும் இடமில்லை. சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது, விடுபட்ட சொல்லை நிரப்புவது, பத்தியைப் படித்துப் பதில் எழுதுவது இவைதான். பாட்டும் விளையாட்டும் மதிப்பெண் தருமா என்று கேட்டால் ஆசிரியர் என்ன சொல்வார்?

இது அந்த ஆசிரியர்களின் பழமைவாதம் என்று வெளிநாட்டவர் சிலர் எழுதியிருக்கிறார்கள். அது அநியாயம். 1989இல் பார்பரா பர்னபி, யிலின் சுன் என்ற இரு ஆய்வாளர்கள் சீன ஆங்கில ஆசிரியர்களிடம் விரிவாகப் பேசி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உரையாடல் வழிக் கற்பித்தல் நல்லதுதான், ஆனால் அது ஆங்கிலம் பேசும் நாட்டுக்குப் போகப்போகிற மாணவருக்கு உதவும். ஆங்கிலத்தில் படித்து மொழிபெயர்த்து வேலை செய்யப்போகிறவருக்கு இலக்கணமும் நுணுகிய வாசிப்பும்தான் தேவை என்பது அந்த ஆசிரியர்களின் கருத்து. வகுப்பின் அளவு, பாடவேளை, பாடநூல் ஆகியவற்றையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். தங்கள் மாணவருக்கு எது வேண்டும் என்று தெளிவாக யோசித்தவர்களின் பேச்சு அது.

பாடநூலும் மெல்ல மாறியது. மக்கள் கல்விப் பதிப்பகம் பிரிட்டனின் லாங்மன் நிறுவனத்தோடு சேர்ந்து 1990களின் தொடக்கத்தில் புதிய ஆங்கில வரிசையைக் கொண்டுவந்தது. லி லெய், ஹான் மெய்மெய் என்ற இரு பள்ளிப் பிள்ளைகள் அதில் பேசிக்கொள்வார்கள். ஒரு தலைமுறை முழுவதும் அந்த இரு பெயர்களோடு வளர்ந்தது. புத்தகம் உரையாடலுக்கு வந்துவிட்டது. அதை உயிரோடு நடத்தத் தெரிந்த ஆசிரியர் வேண்டுமே என்ற தேவை அப்போதுதான் தலைமையாசிரியர்களுக்கும் உறைத்தது. கோடை முகாமில் பயின்றவர்களுக்குப் பள்ளியில் மதிப்புக் கூடியதற்கு இந்தப் பாடநூல் மாற்றமும் ஒரு காரணம்.

வகுப்பறைக்குள் வேதம் நுழையலாமா

கிறிஸ்தவர்கள் வந்து சொல்லிக்கொடுத்தார்கள் என்றதும் எழுகிற கேள்வி, மதம் மாற்ற வந்தார்களா என்பதுதான். இதை மழுப்பாமல் பேச வேண்டும்.

சீனச் சட்டம் தெளிவானது. 1994 ஜனவரியில் வெளியான அரசவை ஆணை, நாட்டில் இருக்கும் வெளிநாட்டவர் வழிபாட்டில் கலந்துகொள்ளலாம், ஆனால் சீனர்களிடையே மதம் பரப்பவோ ஆள் சேர்க்கவோ கூடாது என்கிறது. 1995 கல்விச் சட்டம் கல்வியையும் மதத்தையும் பிரித்துவைக்கிறது. அமிட்டி வழியே போனவர்கள் இதை ஏற்றுக்கொண்டுதான் போனார்கள். அவர்கள் கிறிஸ்தவர்கள் என்பது கல்லூரிக்கும் தெரியும், மாணவர்களுக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்ச் சபையில் போய் உட்காரலாம். யாராவது கேட்டால் தன் நம்பிக்கையைப் பற்றிப் பேசலாம். பாடவேளையைப் பிரசங்கமாக்கக் கூடாது. சுவிசேஷம் சொல்லாத ஊழியம் என்ன ஊழியம் என்று அவர்களுடைய தாய்ச் சபைகளிலேயே சிலர் கேட்டார்கள். பசித்தவருக்குச் சோறு போடும்போது நிபந்தனை போடுவதில்லையே, கல்விக்கு மட்டும் ஏன் என்பது மறுதரப்பின் வாதம்.

எல்லா அமைப்புகளும் இந்தக் கோட்டை மதிக்கவில்லை. கொரிந்து நகரத்தில் கூடாரம் செய்து பிழைத்துக்கொண்டே பிரசங்கித்த பவுலைப் பின்பற்றுவதாகச் சொல்லி, வேலை விசாவில் நுழைந்து மறைவாக மதப்பணி செய்வதை ஓர் உத்தியாகவே வகுத்துக்கொண்ட குழுக்கள் உண்டு. அவர்களுக்கு ஆங்கிலம் மிக வசதியான நுழைவுச்சீட்டு. 2003இல் அலஸ்டர் பென்னிகுக்கும் சோஃபி கூட்டன்-மாரினும் இத்தகைய அமைப்புகளின் விளம்பரங்களை ஆராய்ந்து கடுமையாக விமர்சித்தார்கள். அதே ஆண்டில் பிரிட்டிஷ் அறிஞர் ஜூலியன் எட்ஜ், மொழி கற்பிக்க வருகிறேன் என்று சொல்லி வேறு நோக்கத்தோடு வருவது ஏமாற்று என்று எழுதினார். அவர் கேட்டது ஒளிவுமறைவின்மை. அமிட்டியின் ஏற்பாடு அந்தச் சோதனையில் தேறியதற்குக் காரணம், அழைத்தவர், அனுப்பியவர், பாடம் கேட்டவர் மூவருக்கும் ஒரே விவரம் தெரிந்திருந்ததுதான்.

இந்த விவாதத்தில் ஒரு யாழ்ப்பாணத் தமிழரின் பங்கு பெரியது. சுரேஷ் கனகராஜா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போர்க்காலத்தில் ஆங்கிலம் கற்பித்தவர், இப்போது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், நம்பிக்கையுள்ள கிறிஸ்தவர். அவருடைய யாழ்ப்பாண மாணவர்கள் அமெரிக்கப் பாடநூல் ஒன்றைப் படித்தார்கள். அதன் ஓரங்களில் அவர்கள் வரைந்த படங்களையும் கிறுக்கிய குறிப்புகளையும் அவர் ஆராய்ந்தார். புத்தகத்தில் அமெரிக்க நடுத்தர வர்க்கத்து வாழ்க்கை. ஓரத்தில் போராளிகளும் சினிமாவும் தமிழ்ப் பேச்சும். அதே மாணவர்கள் தேர்வுக்கு வேண்டிய இலக்கணத்தை மட்டும் கறாராகக் கேட்டு வாங்கினார்கள். சீன ஆசிரியர்கள் பர்னபியிடம் சொன்னதற்கும் இதற்கும் அதிகத் தூரமில்லை. பின்னாளில், 2009இல், மேரி ஷெப்பர்ட் வாங்கோடு சேர்ந்து அவர் ஒரு நூலைத் தொகுத்தார். கிறிஸ்தவ ஆங்கில ஆசிரியர்களும் அவர்களை விமர்சித்தவர்களும் ஒரே நூலில் எதிரெதிரே உட்கார்ந்து விவாதித்தது அதன் சிறப்பு.

கனகராஜாவின் ஊரில் இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி ஆங்கிலத்தோடு தமிழும் கணிதமும் வானியலும் கற்பித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள். ஆனால் படித்தவர்கள் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்பது மிஷனின் பாஸ்டன் தலைமையகத்தின் மனக்குறை. 1855இல் செமினரி மூடப்பட்டது. கற்றவர்கள் அந்தக் கல்வியைத் தங்கள் விருப்பப்படி பயன்படுத்தினார்கள். தாமோதரம்பிள்ளை பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். கொடுத்தவர்கள் எதிர்பார்த்தது அதுவல்ல, தமிழுக்குக் கிடைத்தது அது.

வெள்ளைக்காரர் என்றால் போதுமா

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த ஆங்கில ஆசிரியர் என்ற எண்ணம் 1961இல் உகாண்டாவின் மக்கரேரேயில் நடந்த காமன்வெல்த் மாநாட்டில் கொள்கையாகவே பேசப்பட்டது. 1992இல் ராபர்ட் ஃபிலிப்சன் அதை ஆதாரமற்ற நம்பிக்கை என்று எடுத்துக்காட்டினார். பேசத் தெரிவது வேறு, கற்பிக்கத் தெரிவது வேறு. தன்னார்வத் திட்டங்களின் பெரிய பலவீனம் இங்கேதான். நல்ல மனத்தோடு வந்த பலர் ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். புறப்படுமுன் கிடைத்த குறுகிய அறிமுக வகுப்பு, பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள வாத்தியாருக்குப் பயிற்சி தரப் போதாது.

அப்படியானால் அவர்கள் எதைக் கொடுத்தார்கள்? பேச ஓர் ஆள். பதில் சொன்னால் புரிந்துகொண்டு சிரிக்கிற, தப்பாகச் சொன்னால் பொறுமையாகக் காத்திருக்கிற ஓர் ஆள். தன் ஆங்கிலம் இன்னொரு மனிதருக்குப் புரிகிறது என்ற தைரியம் ஒருமுறை வந்துவிட்டால், அந்த ஆசிரியர் வகுப்பில் ஆங்கிலத்தில் பேசத் தயங்கமாட்டார். சொந்தச் செலவில் உலகத்தின் மறுகோடியிலிருந்து தன் சிற்றூருக்கு ஒருவர் வந்திருக்கிறார், தன் வேலையை முக்கியமானதென்று நினைக்கிறார் என்பதும் சிறிய விஷயமல்ல. கிராம ஆசிரியருக்கு அந்த மதிப்பைச் சொந்த நாட்டிலேயே பலர் தருவதில்லை.

மாறிய காலம்

1993இல் அமெரிக்க அரசின் பீஸ் கோர் தன்னார்வலர்களும் சீனாவின் ஆசிரியர் கல்லூரிகளுக்கு வந்தார்கள். அது மதச்சார்பற்ற திட்டம். யாங்சி நதிக்கரை ஊரான ஃபுலிங்கில் 1996 முதல் இரண்டு ஆண்டு கற்பித்த பீட்டர் ஹெஸ்லர், அந்த அனுபவத்தை 'ரிவர் டவுன்' என்ற நூலாக எழுதிப் புகழ்பெற்றார். 1,300க்கும் மேற்பட்டோரை அனுப்பிய அந்தத் திட்டம் 2020இல் முடிவுக்கு வந்தது.

இடைப்பட்ட காலத்தில் சீன அரசே ஆசிரியர் பயிற்சியைக் கையில் எடுத்துக்கொண்டது. 2006இல் பின்தங்கிய கிராமப் பள்ளிகளுக்குப் பட்டதாரிகளை அனுப்பும் சிறப்புப் பணியிடத் திட்டம். 2007இல் ஆறு பெரிய ஆசிரியர் பல்கலைக்கழகங்களில் இலவசப் படிப்பு. பதிலுக்கு மாணவர்கள் பள்ளிகளில் பத்து ஆண்டு பணியாற்ற வேண்டும். இந்தக் காலம் 2018இல் ஆறு ஆண்டாகக் குறைந்தது. 2010இல் பணியிலிருக்கும் ஆசிரியர்களுக்கான தேசியப் பயிற்சித் திட்டம். 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களைக் காவல்துறையின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தது. வெளிநாட்டுத் தன்னார்வலர்களின் தேவையும் குறைந்தது, இடமும் சுருங்கியது. அமிட்டியோ 2015இல் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் தன் அலுவலகத்தைத் திறந்தது. உதவி பெற்ற இடத்திலிருந்து உதவி செய்யும் இடத்துக்கு அது நகர்ந்திருக்கிறது.

ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வேறு பல நாடுகளுக்கு இத்தகைய குழுக்கள் இன்றும் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றை அழைக்கும் பள்ளியும், போக நினைக்கும் தன்னார்வலரும், அனுப்பும் சபையும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சீன அனுபவத்திலிருந்தே கிடைக்கின்றன. அழைத்தது யார்: உள்ளூர்க் கல்வித் துறையா, அல்லது அனுப்புகிறவர்களே தங்களை அழைத்துக்கொண்டார்களா? வருகிறவருக்கு ஆசிரியப் பயிற்சி உண்டா? அவர் சொல்லிக்கொடுப்பது அறுபது பிள்ளைகள் உள்ள, மின்சாரம் அடிக்கடி போகிற வகுப்பறையில் நடக்குமா? அந்த நாட்டின் தேர்வுத்தாளை அவர் ஒருமுறையாவது பார்த்திருக்கிறாரா? நம்பிக்கையைப் பற்றி அவர் தாய்ச் சபையிடம் சொல்வதையே பள்ளியிடமும் சொல்கிறாரா? அடுத்த கோடையில் அதே முகாமை நடத்த உள்ளூர் ஆசிரியர்களில் இருவரையாவது அவர் தயார்செய்துவிட்டுப் போவாரா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்த ஊர்களில், அடுத்த ஆண்டு விமானம் வராவிட்டாலும் வகுப்பு நடக்கும்.